முள்ளின் சாட்சியம்: ஸ்போர்ட்ஸ் கார் மீட்டர்களை நம்புவதும் ஐயுறுவதும்

மும்பையிலிருந்து புனே நோக்கி வரும் பழைய நெடுஞ்சாலை, கோப்போலியைத் தாண்டியதும் சஹ்யாத்திரியின் செங்குத்தான முகத்தில் ஏறத் தொடங்குகிறது. போர் காட் என்று அழைக்கப்படும் இம்மலைப்பாதை, பம்பாய் ஆளுநர் ஜான் மால்கம் காலத்தில், 1830இல், சக்கர வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. மிகக் குறுகிய தொலைவுக்குள் 500 மீட்டருக்கு மேல் உயரவேண்டிய ஏற்றம் இது. ஏறி முடித்தவர்களுக்கு கண்டாலா, லோணாவளா. அப்பால் தக்காண மேட்டுநிலம். அதன் பின் புனே. அந்த நகரின் வடமேற்கு வாயிலில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது வாகட். ஒருகாலத்தில் வயல்கள் சூழ்ந்த சிற்றூர். இன்று ஹிஞ்சவடி மென்பொருள் பூங்காவின் ஊழியர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிப் பகுதி. 2002இல் விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்படும் வரை, மேற்கிலிருந்து வாகட் பக்கம் வந்துசேர்ந்த கார்களில் பெரும்பாலானவை அந்த மலைப்பாதையின் தேர்வை எழுதிவிட்டே வந்தன.

அத்தேர்வில் ஓட்டுநரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: டாஷ்போர்டில் உள்ள வெப்பமானியின் முள் சிவப்புப் பகுதியை நெருங்கும்போது அதை நம்புவதா, வேண்டாமா? நம்பி வண்டியை நிறுத்தினால், பின்னால் வரும் லாரிகளின் வரிசை நீளும். எஞ்சினில் ஒரு குறையும் இல்லாதிருக்கவும் கூடும். நம்பாமல் ஏறினால், சிலிண்டர் தலைப்பகுதி வெப்பத்தில் வளைந்து, எஞ்சினையே பிரித்துப் போடவேண்டி வரலாம். முள் உண்மை சொல்கிறதா என்பதைத் தீர்மானிக்க ஓட்டுநருக்குக் கிடைத்தவை சில நிமிடங்கள். சான்றை மதிப்பிடுதல் என்று வரலாற்றாய்வில் சொல்லப்படும் செயல்தான் இது. ஆவணக் காப்பகத்தில் அதற்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் உண்டு, மலைப்பாதையில் இல்லை.

இக்கேள்வி ஸ்போர்ட்ஸ் கார்களைக் கூடுதலாக அழுத்தியதற்குக் காரணம் உண்டு. குடும்பக் கார் தன் உரிமையாளரிடம் அதிகம் பேசுவதில்லை. வேகமும் எரிபொருளும் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, மற்றவற்றுக்கு ஒரு சிவப்பு விளக்கை வைத்துவிடுவதே சிக்கனமான வழக்கம். எம்.ஜி., டிரையம்ஃப், ஜாகுவார் போன்ற பிரித்தானிய இருக்கை இரண்டுள்ள கார்களோ எஞ்சின் சுழற்சி, எண்ணெய் அழுத்தம், நீரின் வெப்பம், மின்னோட்டம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டத்தை ஓட்டுநர் முன் வைத்தன. எஞ்சினை அதன் எல்லை வரை இயக்குபவருக்கு அந்த எல்லை தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் தர்க்கம். வட்டங்கள் பெருகப் பெருக, பொய் சொல்லக்கூடிய வாய்களும் பெருகின.

இந்தியாவில் இதற்கு இன்னொரு பரிமாணமும் சேர்ந்தது. 1953இல் வந்த சுங்கவரி ஆணையப் பரிந்துரைகளுக்குப் பின், உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேறின. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பம்பாய்த் தொழிற்சாலையை 1954இல் மூடியது. கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றது. அதற்கு முன்பே வந்துவிட்டவையும், தூதரக அலுவலர்கள் விட்டுச்சென்று அரசு வணிகக் கழகத்தின் வழியாக விற்பனைக்கு வந்தவையும்தாம் இந்நாட்டின் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஆயின. பழுதான மீட்டருக்கு மாற்று மீட்டர் கடையில் கிடைக்காது. எனவே, பழுதான கருவியோடு வாழக் கற்பது இங்கே விருப்பம் சார்ந்த கலையாக இருக்கவில்லை, கட்டாயமாக இருந்தது.

முள் எவ்வாறு பொய் சொல்கிறது என்பதை அறிய, அது செய்தியை எவ்வழியில் பெறுகிறது என்று பார்க்கவேண்டும். முதல் தலைமுறைக் கருவிகள் மின்சாரம் அறியாதவை. பாரிஸைச் சேர்ந்த யூஜீன் போர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைகுழாய் அவற்றின் இதயம். தட்டையான உலோகக் குழாயொன்றை வளைத்து, ஒரு முனையை மூடி, மறுமுனையில் அழுத்தம் கொடுத்தால், குழாய் சற்றே நிமிர முயலும். அந்த அசைவு முள்ளை நகர்த்தும். எண்ணெய் அழுத்தமானியில் எஞ்சினின் எண்ணெயே மெல்லிய குழாய் வழியாக டாஷ்போர்டு வரை வந்து தன் நிலையைத் தானே தெரிவித்தது. வெப்பமானியில், ஈத்தர் போன்ற எளிதில் ஆவியாகும் திரவம் நிரம்பிய ஒரு குமிழ் எஞ்சினின் நீருக்குள் மூழ்கியிருக்கும். நீர் சூடேற, ஆவியின் அழுத்தம் நுண்குழாய் வழியே முள்ளைத் தள்ளும்.

இவற்றை நேர்ச்சாட்சிகள் எனலாம். பேட்டரி இறந்தாலும் இவை பேசும். இவற்றின் பொய்யும் நேரடியானது. நுண்குழாயில் அதிர்வினால் விரிசல் விழுந்து ஈத்தர் வெளியேறிவிட்டால், முள் கீழே சரிந்து அங்கேயே கிடக்கும். ஆனால், அந்தப் பொய்யை உண்மை என்று எவரும் ஏமாறுவதில்லை. அரை மணி நேரம் ஓடிய எஞ்சினுக்கு வெப்பமே இல்லை என்று சொல்லும் சாட்சியை யார் நம்புவார்? நேர்ச்சாட்சி பொய் சொன்னால் பொதுவாகத் தெரிந்துவிடும்.

வேகமானியின் கதை சற்று வேறு. ஓட்டோ ஷுல்ட்சே 1902இல் காப்புரிமைக்குப் பதிவு செய்த முறையே நூறாண்டு நீடித்தது. கியர்பெட்டியிலிருந்து வரும் முறுக்குக்கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமல் அதன் அருகே நிற்கும் உலோகக் கிண்ணத்தில் சுழல்மின்னோட்டம் எழுந்து, அக்கிண்ணத்தைத் திருப்பும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கும். இரண்டு விசைகளும் சமனாகும் இடத்தில் முள் நிற்கும். கம்பி வறண்டாலோ மடங்கினாலோ முள் துடிக்கும். காந்தம் முதுமையில் வலுவிழந்தால் குறைவாகக் காட்டும். கருவி முற்றிலும் நலமாக இருந்தும் பொய் வரலாம்: வேகமானி உண்மையில் எண்ணுவது சாலையை அன்று, ஒரு தண்டின் சுழற்சியை. அசல் அளவு டயர் கிடைக்காமல் வேறு அளவு மாட்டினால், ஒரு சுற்றுக்குக் கடக்கும் தொலைவு மாறும். முள்ளுக்கு அது தெரியாது. அலகும் மாறியது. 1956ஆம் ஆண்டின் எடை அளவுகள் சட்டத்தைத் தொடர்ந்து சாலையோரத்து மைல்கற்கள் கிலோமீட்டர் கற்களாயின. இறக்குமதியான கார்களின் வட்டங்களோ மைலிலேயே பேசின. 60 என்று காட்டும் முள் மணிக்கு ஏறத்தாழ 97 கிலோமீட்டரைக் குறிக்கிறது என்பதை ஓட்டுநர் தம் மனத்தில் பெயர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

1960களில் இரண்டாம் தலைமுறை வந்தது. பிரித்தானியாவின் ஸ்மித்ஸ் நிறுவனத்துக் கருவிகள் பல கார்களில் ஈருலோகப் பட்டை முறைக்கு மாறின. இஸ்திரிப் பெட்டியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அதே தத்துவம் இது. ஒன்றோடொன்று ஒட்டிய இரு உலோகங்கள் சூடேறும்போது வெவ்வேறு அளவில் விரிவதால், பட்டை வளைகிறது. மீட்டருக்குள் இப்பட்டையைச் சுற்றி ஒரு சூடாக்கும் ஒயர். எரிபொருள் தொட்டியிலோ எஞ்சினிலோ உள்ள உணரியின் மின்தடைக்கு ஏற்ப அதில் மின்னோட்டம் கூடும், குறையும். பட்டை வளைந்து முள் நகரும். மெதுவாக நகர்வதால், வளைவுகளில் பெட்ரோல் அலம்பினாலும் முள் ஆடுவதில்லை.

இம்முறையில் ஒரு சிக்கல் இருந்தது. எஞ்சின் வேகம் மாற மாற, காரின் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்கும் 14 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும்; அதோடு சேர்ந்து முள்ளும் ஏறி இறங்கும். இதைத் தடுக்க ஒரு சிறு ஸ்டெபிலைசர் சேர்க்கப்பட்டது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்கு வைக்கும் ஸ்டெபிலைசரின் வேலையைத் தீப்பெட்டி அளவில் செய்வது இது. உள்ளே இன்னோர் ஈருலோகப் பட்டை. அது சூடேறி மின்தொடர்பைத் துண்டிக்கும், குளிர்ந்து மீண்டும் இணைக்கும். இப்படி விட்டுவிட்டு வரும் மின்சாரத்தின் சராசரி 10 வோல்ட். எரிபொருள் மானியும் வெப்பமானியும் இந்த ஒரே ஊற்றிலிருந்து குடித்தன.

இங்கேதான் பொய்யின் இலக்கணம் மாறுகிறது. ஸ்டெபிலைசரின் உலோகக் கூடு காரின் உடலோடு எர்த் ஆகியிருந்தால்தான் உள்ளே உள்ள பட்டை சூடேறும். துருவோ, தளர்ந்த திருகோ அந்த இணைப்பைக் கெடுத்தால், பட்டை சூடேறாது, மின்தொடர்பு துண்டிக்கப்படாது, முழு மின்னழுத்தமும் மீட்டர்களுக்குப் பாயும். அப்போது தொட்டி நிறைந்திருப்பதாக ஒரு முள் சொல்லும். எஞ்சின் கொதிப்பதாக இன்னொரு முள் சொல்லும். இரண்டும் பொய். ஸ்டெபிலைசரின் தொடர்புமுனை கரிந்து திறந்தே நின்றுவிட்டால், இரண்டு முள்களும் ஒருசேரக் கீழே விழும். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி இதனால்தான் எளிமையானது: ஒரு முள் மட்டும் தவறுகிறதா, எல்லாம் ஒரே திசையில் தவறுகின்றனவா? ஒன்று மட்டும் என்றால் குறை அதன் கிளையில். எல்லாம் என்றால் குறை ஊற்றில். முகப்பு விளக்கைப் போட்டதும் முள் அசைந்தால், விளக்கும் மீட்டரும் பகிரும் எர்த் இணைப்பைச் சந்தேகிக்கவேண்டும்.

இரண்டு சாட்சிகள் ஒத்துப் பேசினால் அது உண்மை என்று கொள்வது நம் இயல்பு. அவ்விருவரும் ஒரே ஊற்றிலிருந்து செய்தி பெற்றவர்கள் என்றால், அவர்களின் ஒப்புமைக்கு எடை இல்லை. ஒரே மூலப்படியிலிருந்து எழுதப்பட்ட இரண்டு சுவடிகள் ஒரே பிழையைக் காட்டும்போது, அவை இரண்டு சான்றாகா, ஒன்றே என்று பதிப்பாசிரியர் கொள்வதும் இதே நியாயத்தால்தான்.

தமிழ்நாட்டுக்கு இக்கருவிமரபோடு நெருங்கிய உறவு உண்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் உருவாக்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரித்தானியாவின் டிரையம்ஃப் ஹெரால்டே. அதன் அடிச்சட்டத்தைச் சுருக்கி, ஜொவான்னி மிக்கெலோட்டியின் வடிவமைப்பில் 1962இல் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டின் நோய்களை அறிந்த மெக்கானிக்குக்கு, இந்நாட்டில் அபூர்வமாகத் தென்பட்ட ஸ்பிட்ஃபயரின் உடலும் ஓரளவு பழகியதே. இரண்டாம் உலகப் போரின் விமானத்தளமாக இருந்த சோழவரத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. 1970களின் நடுவில் கோயம்புத்தூரில் பிரிக்கால் நிறுவனம் தொடங்கி, வாகன மீட்டர்களை உள்நாட்டிலேயே பெருமளவில் செய்யத் தொடங்கியது. இறக்குமதியான வட்டத்தைப் பழுதுபார்த்தே காலம் தள்ளிய நாட்டில், மீட்டர் உற்பத்தி ஒரு தொழிலாக நிலைபெற்றது அதன் பிறகே.

பழுதுபார்ப்பில் இன்னொரு பாடமும் இருந்தது. எரிபொருள் தொட்டியின் உணரியிலிருந்து வரும் ஒயர் அறுந்துவிட்டது என்று கொள்வோம். ஈருலோகப் பட்டை மீட்டரில் மின்னோட்டம் நின்று முள் ‘காலி’ என்று காட்டும். அதற்கு முந்தைய இருசுருள் காந்த மீட்டரில் அதே அறுந்த ஒயர் ‘நிறைவு’ என்று காட்டும். ஒரே குறை, இரண்டு காலத்துக் கருவிகளில் நேரெதிர் பொய்களாக வெளிப்படுகிறது. கருவியின் காலத்தையும் அமைப்பையும் அறியாதவர் அதன் கூற்றிலிருந்து எதையும் முடிவுசெய்ய இயலாது. ஒரு மரபின் மீட்டரோடு இன்னொரு மரபின் உணரியை இணைத்துவிட்டு, முள் ஏன் தவறுகிறது என்று தேடியவர்களின் உழைப்பு வீணானதும் இதனால்தான். மீட்டரும் உணரியும் ஒரே இணையாக இருக்கவேண்டும். பேசுபவரின் மொழியும் கேட்பவரின் மொழியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது போல. இன்று மீட்டெடுக்கப்படும் பழைய கார்களில் ஸ்டெபிலைசருக்குப் பதிலாக 10 வோல்ட் மின்னணுச் சீராக்கியைப் பொருத்துவது வழக்கம். அது ஊற்றைச் சீர்செய்யும். தேய்ந்த உணரியைச் சீர்செய்யாது.

பொய்களுள் கொடியது ஒன்று உண்டு. ரேடியேட்டர் குழாய் வெடித்து நீர் வெளியேறிவிட்டால், வெப்ப உணரியின் முனை நீரை விட்டு வெறும் காற்றிலோ ஆவியிலோ நிற்க நேரலாம். நீரைப்போல் அவை வெப்பத்தைக் கடத்துவதில்லை. எஞ்சின் எரிந்துகொண்டிருக்க, முள் அமைதியாகக் கீழே இறங்கும். ஏற்றத்தின் நடுவில் வெப்பமானி திடீரெனக் குளிர்ந்தால், அதை நற்செய்தி என்று எண்ணியவர் எஞ்சினை இழப்பார். கருவியில் பழுதே இல்லை. அது தன் முனையைச் சூழ்ந்ததைச் சரியாகவே அளக்கிறது. அளக்கவேண்டிய பொருள்தான் அவ்விடத்தை விட்டுப் போய்விட்டது. தேர்ந்த ஓட்டுநர்கள் இதனால் முள்ளின் இருப்பிடத்தைவிட அதன் நடத்தையைக் கவனித்தார்கள்: ஏன் இப்போது, ஏன் இவ்வளவு விரைவாக? ஐயம் எழுந்தால் நிறுத்தி, பானட்டைத் திறந்து, சூடு தணியக் காத்து, நீர்மட்டத்தைப் பார்த்தார்கள். எண்ணெய் மானியை ஐயுற்றவர் அளவுக்கோலை உருவித் துடைத்துப் பார்த்தார். வேகமானியை ஐயுற்றவர் இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு இடையிலான நேரத்தைக் கைக்கடிகாரத்தில் எண்ணினார். 60 விநாடி என்றால் மணிக்கு 60 கிலோமீட்டர். முள்ளுக்கு வெளியே இன்னொரு வழி எப்போதும் இருந்தது.

பந்தயக் கார்களில் இப்பார்வை ஒரு வழக்கமாகவே ஆனது. மீட்டர்களைச் சற்றே திருகிப் பொருத்தி, எல்லாம் சரியாக இருக்கும்போது எல்லா முள்களும் நேர்மேலே நிற்கும்படி செய்வார்கள். வளைவுக்கு வளைவு விரையும் ஓட்டுநருக்கு எண்களைப் படிக்க நேரமில்லை. வரிசையில் ஒரு முள் மட்டும் சாய்ந்திருந்தால் கண் அதை உடனே பிடிக்கும்.

சாலையில் ஓடும் கார்களின் வேகமானி மட்டும் ஓட்டுநரின் தீர்ப்புக்கு விடப்படவில்லை. அதைச் சட்டம் கையில் எடுத்துக்கொண்டது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் வேகமானியைக் கட்டாயமாக்குகின்றன. வாகனங்களையும் உதிரிகளையும் சோதித்துச் சான்றளிக்கும் இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் 1966இல் நிறுவப்பட்டது புனேயில்தான். உலகின் பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்து 39ஆம் ஒழுங்குமுறை, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது; கூட்டிக் காட்ட மட்டும் பத்து விழுக்காட்டோடு 4 கிலோமீட்டர் வரை இடம் தருகிறது. 100 கிலோமீட்டரில் செல்லும் காரின் முள் 110 காட்டலாம், 99 காட்டக்கூடாது. பிழை தவிர்க்க முடியாதது என்றால், அது எத்திசையில் சாயவேண்டும் என்பதைச் சட்டம் தேர்ந்துகொள்கிறது. இது மறைக்கப்பட்ட பொய்யன்று. விதியைப் படிப்பவர் எவரும் அறியக்கூடியது.

மூன்றாம் தலைமுறையின் பொய் அத்தகையதன்று. மாஸ்டா நிறுவனம் 1989இல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5, பிரித்தானிய இருக்கை இரண்டுள்ள காரின் மரபை மீட்டெடுத்த வண்டி. முதல் சில ஆண்டுகளில் அதன் எண்ணெய் அழுத்தமானி உண்மையான அளவியாக இருந்தது. எஞ்சின் வேகம் கூடினால் முள் ஏறும், சூடான எஞ்சின் நின்றபடி ஓடும்போது இறங்கும். 1990களின் நடுவில் நிறுவனம் உணரியை ஒரு வெறும் சுவிட்சாக மாற்றியது. குறைந்தபட்ச அழுத்தம் இருந்தால் முள் நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் விழும். மீட்டரின் முகம் மாறவில்லை. அதன் பின்னால் இருந்த அளவுதான் மறைந்தது. முள் இயல்பாக ஏறி இறங்குவதைக் கண்டு அஞ்சிய உரிமையாளர்களின் புகார்களே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இன்றைய பல கார்களின் வெப்பமானியும் இவ்வாறே: கணினி உண்மை வெப்பத்தை அறியும், பரந்த ஓர் எல்லைக்குள் அது எவ்வளவு மாறினாலும் முள்ளை நடுவிலேயே நிறுத்தும். ஓட்டுநர் கலங்கவேண்டாம் என்பது நோக்கம்.

இந்த நோக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தேவையற்ற அச்சமும் விபத்தை விளைவிக்கும். பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு எஞ்சினின் ஒவ்வோர் அசைவும் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் இரு வகைப் பொய்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு நிற்கிறது. துருப்பிடித்த எர்த் இணைப்பின் பொய்யை ஒரு திருகாணி முடுக்கியால் கண்டுபிடிக்கலாம். இன்னொரு முள்ளோடு, கிலோமீட்டர் கல்லோடு, அளவுக்கோலோடு ஒப்பிடலாம். மென்பொருள் தேர்ந்தெடுத்துத் தரும் அமைதியைக் குறுக்குவிசாரணை செய்ய, அதே மென்பொருளிடம் கேட்கும் கருவி வேண்டும். நடுவில் நிற்கும் முள் நகரத் தொடங்கும்போது, எச்சரிக்கைக்கு உரிய காலம் பெரும்பாலும் கழிந்திருக்கும்.

இன்று விரைவுச்சாலை வழியாக மலையேறி வாகட்டை அடையும் காரில், வெப்பமானியின் முள் கோப்போலியிலும் கண்டாலாவிலும் ஒரே இடத்தில் நிற்கும். சில கார்களில் அந்த முள்ளே இல்லை. அதை எஞ்சின்களின் முன்னேற்றம் என்று சொல்வது பெருமளவு சரியே. எனினும் ஓட்டுநர்களின் நினைவில் மட்டும் தங்கியிருக்கும் அறிவொன்று இதனோடு மறைகிறது: எந்த முள் எந்த ஊற்றிலிருந்து பேசுகிறது, எவை இரண்டும் ஒரே குரல், எது குளிர்ந்தால் அஞ்சவேண்டும் என்ற அறிவு. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுபவர்கள் கருவிகளின் கண்டுபிடிப்பைப் பதிவுசெய்வதில் காட்டும் அக்கறையை, அவற்றின் பிழைகளைப் படிக்கக் கற்றவர்களின் அறிவைப் பதிவுசெய்வதிலும் காட்டவேண்டும். ஹெரால்டைப் பிரித்துப் பூட்டிய தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள எஞ்சியிருக்கும் காலம் அதிகமில்லை.